உடம்பு காட்டாத மரணங்கள்

தொலைக்காட்சி நாடகங்களில் வரும் வீடுகளில் கடிகாரம் ஓடுவதில்லை. இதை நான் முதலில் கவனித்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் ளுஹர் தொழுகை முடித்து வந்து தங்கச்சி வீட்டு மண்டபத்தில் உட்கார்ந்திருந்தபோது. காலைச் சாப்பாட்டுக் காட்சியில் சுவர்க் கடிகாரம் பத்து மணி பத்து நிமிடம் காட்டியது. அந்தியில் விளக்கேற்றும் காட்சியிலும் அதே பத்து மணி பத்து நிமிடம். அந்த வாரம் முழுவதும் பார்த்தேன். மருமகள் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டாள். மாமனார் நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பினார். முள் அசையவில்லை.

நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் மழைமானி பார்த்து எழுதும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். காலை எட்டரைக்கு எத்தனை மில்லிமீற்றர் என்று வருடக்கணக்காக எழுதிய கைக்கு இப்படியான விஷயங்கள் உறுத்தும். அந்த வீடுகளில் நாள்காட்டியும் கிடையாது. யாராவது சாகும்போது அல்லது காதலிக்கும்போது மழை பெய்யும். வயலுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதற்காக ஒரு நாடகத்திலும் ஒரு துளி விழுந்து நான் பார்த்ததில்லை. நாற்பது பக்கக் கொப்பி ஒன்றை எடுத்துக் குறிக்கத் தொடங்கினேன். எந்த நாடகம், எந்தக் கிழமை, என்ன நடந்தது, இது முன்பு எங்கே நடந்தது. ஆரம்பத்தில் அது ஒரு குறும்புதான்.

தங்கச்சி வீட்டுக்கு நான் தினமும் போனதற்குக் காரணம் நாடகம் அல்ல. அவளுடைய கணவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. ஏழு வருடம் முன்பு, நோன்புப் பெருநாள் கழிந்து பதினோராம் நாள், பல நாள் தங்கி மீன் பிடிக்கும் படகொன்றில் நான்கு பேராகப் போனார்கள். மறுநாள் பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு கோமாரிக் கரைக்கு நேரே வெகு தூரத்தில் வேறொரு படகுக்காரர் அவர்களைக் கண்டிருக்கிறார். மச்சான் கையசைத்தாராம். அதற்குப் பிறகு படகும் இல்லை, படகின் பலகையும் இல்லை. இயந்திரம் பழுதாகித் திசை மாறிய படகுகள் அந்தமான் பக்கம் ஒதுங்கி, ஆட்கள் மாதங்கள் கழித்து மெலிந்து கறுத்துத் திரும்பி வந்தது எங்கள் கரையில் நடந்திருக்கிறது. அதனால் முதல் வருடம் எல்லோருமே காத்திருந்தோம். இரண்டாம் வருடம் மற்ற மூன்று வீட்டாரும் பள்ளிவாசலில் பேசி, மையித்து, அதாவது உடல், இல்லாமலே இறந்தவர்களுக்காகத் தொழப்படும் ஜனாஸாத் தொழுகையை நடத்தினார்கள். நான்காவது பெயரைச் சேர்க்கத் தங்கச்சி விடவில்லை.

அவர் மௌத்து, இறந்துவிட்டார் என்ற சொல் ஒருமுறைகூட அவள் வாயிலிருந்து வந்ததில்லை. மௌலவி வந்து, காத்திருக்க வேண்டிய காலம் கடந்துவிட்டது, மார்க்க நீதிபதியான காழியாரிடம் ஒரு மனுக் கொடுத்தால் போதும் என்று இரண்டு முறை சொன்னார். தேத்தண்ணி கொடுத்து அனுப்பி வைத்தாள். இதனால் அடிபட்டது அவளுடைய ஒரே மகள். பிள்ளைக்கு இருபத்திரண்டு வயது. எங்களில் நிக்காஹ்வின்போது மாப்பிள்ளையின் கையைப் பிடித்துப் பெண்ணைக் கொடுப்பவர் வலி, அதாவது பெண்ணின் வாப்பா. வாப்பா இல்லையென்றால் அவருடைய தம்பி நிற்கலாம். ஆனால் வாப்பா ஏன் இல்லை என்று பதிவாளர் கேட்பார், எழுதுவார். நான் தங்கச்சிக்குக் காக்கா, அதாவது அண்ணன்; தாய்மாமனான எனக்கு அந்த இடத்தில் உரிமை இல்லை. இரண்டு நல்ல சம்பந்தங்கள் வந்து திரும்பிப் போயின. "அவங்கட வாப்பா வந்துதான் கைபுடிச்சிக் குடுக்கணும்" என்பதே தங்கச்சியின் ஒரே பதில்.

ஆகவே பகல் இரண்டு மணிக்கு, முதல் நாள் போன நாடகங்களை மறுபடி போடும் நேரத்தில், நாங்கள் மூவரும் உட்கார்ந்திருப்போம். நான் கதிரையில், கொப்பியோடு. தங்கச்சி பாயில், காலை நீட்டி. பிள்ளை தையல் மெஷினுக்குப் பின்னால், பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டு.

"மாமா வந்தா நாடகம் பார்க்கிற மாதிரியே இல்ல. சோதின மண்டபத்துல இரிக்கிற மாதிரி இரிக்கி" என்பாள் பிள்ளை.

"பேசாம இரி புள்ள. மாமா எழுதுறத வில்லி கண்டா திருந்திருவாள்" என்பாள் தங்கச்சி.

அந்த நாடகங்களைப் பற்றி என் கருத்து அன்றும் இன்றும் ஒன்றுதான். கதையை நகர்த்தாமல் நிறுத்தி வைப்பதுதான் அவர்களுடைய தொழில். ஒரு கடிதம் மேசையில் இருக்கிறது. அதைப் பிரிக்க மூன்று நாள் எடுக்கிறார்கள். கதவில் யாரோ நிற்கிறார். வீட்டில் உள்ள ஒவ்வொருவருடைய முகத்தையும் மும்முறை காட்டி, இடி முழக்கி, நாளை வா என்கிறார்கள். நல்லவளுக்கு மூளை இருக்கக் கூடாது, கெட்டவளுக்கு வேறு வேலை இருக்கக் கூடாது. யாரும் சந்தைக்குப் போவதில்லை, சட்டி கழுவுவதில்லை. நித்திரைக்குப் போகும்போதும் பட்டுச் சேலை. ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தீர்ந்துபோகும் பிணக்கு, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாததால் ஒரு வருடம் ஓடுகிறது. நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். தாய் வேடத்தில் வந்த ஒரு நடிகை, துவாய் மடித்துக்கொண்டிருக்கையில் மகன் பெயரைக் கேட்டு, மடிப்பதை நிறுத்தாமல், கண்ணை மட்டும் நிறுத்தினாள். அதைக் கொப்பியில் தனியாகக் குறித்து வைத்தேன். அப்படியான இடங்கள் அதிகம் இல்லை.

நாடகங்களுக்கு இடையில் அரை மணி நேர நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்று வரும். அதில் மொத்தம் ஐந்து பகிடிகள்தான். பெண் வேடம் போட்ட ஆண். கரண்டியால் அடிக்கும் மனைவி. பருத்த பெண் உட்காரக் கதிரை முறிவது. கறுத்தவனைக் கண்டு குழந்தை அழுவது. தொப்பி போட்ட பிரியாணிக் கடை பாய், பூமியில் ஒருவரும் பேசாத ஒரு தமிழைப் பேசுவது. இந்த ஐந்தாவது வரும்போது தொப்பியோடு உட்கார்ந்திருக்கும் என்னைப் பிள்ளை எட்டிப் பார்ப்பாள். "உங்கட சொந்தக்காரன் வந்திட்டான் மாமா. ஸலாம் சொல்லுங்க."

ஒவ்வொரு பகிடிக்குப் பின்னும் ஒரு கூட்டம் சிரிக்கும். முன்பே பதிந்து வைத்துச் சேர்க்கிற சிரிப்பு அது. அதில் ஒரு பெண் எல்லோருக்கும் கடைசியாகச் சிரித்து முடித்து, ஒரு சின்ன இருமல் இருமுவாள். மூன்று வெவ்வேறு நிகழ்ச்சிகளில் அவளைக் கேட்டேன். எந்த ஊரிலோ, எந்த வருடமோ, வேறு எதற்கோ சிரித்தவள். அவள் இப்போது மண்ணுக்குள் இருக்கலாம். இங்கே கதிரை முறிகிறது, அவள் சிரிக்கிறாள், இருமுகிறாள். இதைக் கண்டுபிடித்த பெருமையில் தங்கச்சியிடம் சொன்னேன்.

"அந்த மனிசி எங்கயோ இரிக்காதானே காக்கா. சத்தம் வருதே" என்றாள்.

அப்போதே நான் எச்சரிக்கையாகியிருக்க வேண்டும்.

நாடகங்களில் எனக்கு மிகவும் எரிச்சலூட்டியது செத்தவர்கள் திரும்பி வருவது. கணவன் மலையிலிருந்து கார் உருண்டு சாவான், ஆற்றில் அடித்துச் செல்லப்படுவான், கப்பல் மூழ்கிச் சாவான். படத்துக்கு மாலை போடுவார்கள். பிறகு ஒரு நாள் தாடியோடு வாசலில் நிற்பான். அப்படி ஒருவன் மலையிலிருந்து விழுந்த பகல், தங்கச்சி பாயிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"இவன் மௌத்தாகல்ல."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"முகத்தக் காட்டல்லயே."

"நடிகன் வேற எங்கயும் நடிக்கப் போயிருப்பான் தங்கச்சி. அதால சாகடிச்சிட்டாங்க. அவன் திரும்பி வந்தா உயிரும் வரும். இதெல்லாம் கடையில வாங்குற அச்சு மாதிரி. மா மட்டுந்தான் வேற."

அவள் மறுபடி திரைக்குத் திரும்பினாள். நான் அவளுக்கு நிரூபித்துக் காட்ட நினைத்தேன். கையில் சான்று இருந்தால் மனிதர்கள் நம்புவார்கள் என்பது உத்தியோகத்தில் நான் பிடித்துக்கொண்ட வியாதி. பழைய பக்கங்களைத் தேடி, பிள்ளையின் கைத்தொலைபேசியில் பழைய நாடகங்களையும் பார்த்து, இரண்டு பக்கப் பட்டியல் ஒன்று எழுதினேன். செத்தவன் யார், எப்படிச் செத்தான், உடம்பைக் காட்டினார்களா, எத்தனை நாளில் வந்தான், எந்தச் சந்தர்ப்பத்தில் வந்தான். ஒன்பது பேர் வந்திருந்தார்கள். ஐந்து பேர் வரவில்லை. எல்லாம் ஒரே அச்சு, ஒருவனுடைய வருகைக்கும் உயிர் இல்லை என்பதை நிறுவுவதே நோக்கம். கோடு போட்டு, கட்டம் கட்டி, அழகாக எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டினேன். அவள் கவனமாகக் கேட்டாள்.

"கொப்பிய வெச்சிட்டுப் போங்க காக்கா. ரெண்டு நாளைக்கி."

சந்தோஷமாக வைத்துவிட்டு வந்தேன். சனிக்கிழமை கொடுத்தது, திங்கட்கிழமை திரும்பி வந்தது. அவள் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஒரு பக்கத்தின் மூலை மட்டும் மடிந்திருந்தது.

அடுத்த மாதம் பாலமுனையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிப்பவர். பழக்கப்படி தங்கச்சி தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவாள் என்று நினைத்து, நான் அவர்களிடம் மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகளை மனதில் அடுக்கிக்கொண்டிருந்தேன். திரைக்குப் பின்னாலிருந்து அவள் சொன்னாள்: "ஓம். நாள் வெய்ங்க. சுணக்காதீங்க."

குடும்பமே மகிழ்ந்தது. மச்சானின் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் நீங்க கதைச்ச கதைதான் காக்கா" என்றார். நானும் அப்படித்தான் எண்ணினேன். என் பட்டியல் வேலை செய்துவிட்டது என்று வீட்டில் மனைவியிடம் சொல்லிக் காட்டினேன்.

கலியாணம் ஒரு வியாழக்கிழமை, அஸருக்குப் பிறகு, வீட்டிலேயே. எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குப் போகும். தாய் பின்வளவில் ஒரு சிறிய அறைக்கு மாறிவிடுவாள். செவ்வாய்க்கிழமை தங்கச்சியின் சாமான்களை அந்த அறைக்கு மாற்ற உதவப் போனேன். அலுமாரியைத் திறந்தபோது மேல் தட்டில் ஆண்கள் உடுத்தும் புதுச் சாரன் ஒன்றும், தைத்து இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட் ஒன்றும் இருந்தன. சேட்டின் இடது தோள் வலதை விடக் கொஞ்சம் தாழ்வாகத் தைக்கப்பட்டிருந்தது. மச்சானின் தோள் அப்படித்தான் இருக்கும்.

பிள்ளை என் பின்னால் வந்து நின்றாள். மெதுவாகத்தான் கதைத்தாள்.

"உம்மா ஏன் உடன ஓம் எண்டாங்க, யோசிச்சீங்களா மாமா?"

"பொடியன் நல்லவன் எண்டு…"

"முந்தி வந்த ரெண்டு பேரும் கள்ளனுகளா? உங்கட கொப்பிய வாசிச்சிட்டுத்தான் ஓம் எண்டாங்க. உடம்பு காட்டினவன் ஒருத்தனும் வரல்ல, காட்டாதவன் அம்புட்டுப் பேரும் வந்திரிக்கான் எண்டு எனக்கு வாசிச்சிக் காட்டினாங்க. ஒம்பதுல ஏழு பேர் கலியாணத்துலயாம் வந்த. காக்கா பிழையா எழுத மாட்டாரு எண்டாங்க."

நான் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தேன். கலியாண வீட்டில் எல்லோரும் கூடியிருக்க, வலி இல்லாமல் நிக்காஹ் நிற்க, வாசலில் ஆள் வந்து நிற்பதுதான் அந்த நாடகங்களின் மிக மலிவான உத்தி. அதைக் கண்டித்துக் கொப்பியில் இரண்டு பந்தி எழுதியிருந்தேன். என் தங்கச்சி அந்த உத்திக்கு நாள் வைத்து, ஆள் அழைத்து, சேட்டும் தைத்திருந்தாள்.

"இப்ப சொல்லப் போறீங்களா?" என்று பிள்ளை கேட்டாள்.

"நீ சொல்லல்லயே."

"எனக்கு அவங்க சந்தோசமாத் திரியிறதப் பார்க்க ஏலும் எண்டு இரிந்திச்சி. ஏழு வருசத்துக்குப் பொறகு."

இருவரும் சொல்லவில்லை. கோழைத்தனம் என்று பிறகு பெயர் வைத்தேன். அது மட்டும் அல்ல. என் மனதின் ஒரு மூலை பட்டியலில் பத்தாவது வரிக்கு இடம் விட்டு வைத்திருந்தது. அதை இன்று மறைக்க விரும்பவில்லை.

வியாழக்கிழமை தொலைக்காட்சிப் பெட்டியைத் துணி போட்டு மூடினார்கள். ஆண்கள் மண்டபத்தில். பெண்கள் திரை போட்ட உள்ளறையில். காவின், அதாவது திருமணப் பதிவு, எழுத வந்த பதிவாளர் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தார். அவருக்கு எதிரே மச்சானின் தம்பி, பிள்ளையின் சாச்சா, வலியாக உட்கார வேண்டும். அந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கதிரை வெறுமையாகக் கிடந்தது. "கதிரை ஒண்ட விட்டு வைங்க காக்கா" என்று தங்கச்சி காலையில் கேட்டிருந்தாள். நானே கொண்டுவந்து போட்டேன்.

பதிவாளர் தொடங்கப் போகையில் உள்ளேயிருந்து சொல்லி அனுப்பப்பட்டது, கொஞ்சம் பொறுங்கள் என்று.

பொறுத்தோம். பெண்ணுக்கு உடுத்தி முடியவில்லை என்று எண்ணிக்கொண்டார்கள். மாப்பிள்ளை வீட்டு முதியவர் ஒருவர், "எங்கட பொடியன் பொறுமைசாலிதான். ஆனா ரெண்டாந்தரம் பொறுக்கச் சொன்னா அவனே கேட்டுருவான், பொண்ணு உள்ளுக்கு இரிக்காளா எண்டு" என்றார். சிரித்தார்கள். இன்னும் கால் மணி நேரம் போயிற்று. ஒருவரும் சிரிக்கவில்லை. குசினியில் யாரோ கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. மச்சானின் தம்பி வெறுங்கதிரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரையின் ஓரத்தில் தங்கச்சியின் பாதம் தெரிந்தது. அவள் வாசலைப் பார்க்கக்கூடிய இடத்தில் நின்றாள்.

அப்போது வாசல் கேற்றின் கொளுக்கி சத்தம் போட்டது.

மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். ஒருவர் முகத்துக்குப் பின் ஒருவர் முகமாக நான் பார்த்தேன், அந்த நாடகங்கள் காட்டுவது போலவே. இடி மட்டும் இல்லை. நான் பாதி எழுந்துவிட்டேன். எல்லாம் எழுதிய எனக்கு, உத்தி என்று பெயர் வைத்த எனக்கு, அந்த ஒரு நொடியில் தாழ்ந்த தோளோடு ஓர் உயரமான மனிதர் வாசல் வெயிலில் நிற்பது தெரிந்தது.

பாலமுனையிலிருந்து பிந்தி வந்த மாப்பிள்ளையின் மாமா அவர். பஸ் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே வந்து, இருந்த ஒரே வெறுங்கதிரையில் உட்கார்ந்தார். அவரை யாரும் தடுக்கவில்லை. தடுக்க என்ன காரணம் சொல்வது?

திரைக்குப் பின்னால் வெகு நேரம் ஒன்றும் கேட்கவில்லை. நேரம் பார்த்தேன், நான்கு நிமிடம்தான். பிறகு தங்கச்சியின் குரல் வந்தது, சாதாரணமாக, சோறு போடவா என்று கேட்கும் குரலில்.

"தொடங்குங்க. அவங்கட சாச்சா நிக்கட்டும்."

பதிவாளர் விஷயம் தெரிந்த மனிதர். மெதுவாகச் சொன்னார்: "பொண்ணுட வாப்பா, காணாமற்போனவர் எண்டு போடலாம், உம்மா. அதுல ஒண்டும் பிரச்சினை இல்ல."

"வேணாம். மௌத்து எண்டு எழுதுங்க."

உள்ளறையில் பிள்ளை அழத் தொடங்கினாள். பதிவாளர் பேனாவைத் திறந்தார். எழுதுவதற்கு முன், பழக்கத்தில் கேட்டிருப்பார், அது படிவத்துக்குத் தேவைகூட இல்லை.

"எப்ப மௌத்து?"

எனக்குத் தெரியும். பெருநாள் கழிந்து பதினோராம் நாள் புறப்பட்டது, பன்னிரண்டாம் நாள் அஸருக்குப் பின் கடைசியாகக் கண்டது. நாளும் பிறையும் ஆங்கிலத் திகதியும் என்னிடம் இருந்தன. சொல்ல வாயைத் திறந்தேன்.

"இண்டைக்கு" என்றாள் தங்கச்சி.

பதிவாளர் என்னைப் பார்த்தார். அவர் திகதி போடாமல் அந்த ஒரு சொல்லை மட்டும் எழுதினார். மச்சானின் தம்பி மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார். நிக்காஹ் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. எங்கள் நிக்காஹ்வில் இழுத்தடிக்க ஒன்றும் இல்லை.

மறுநாள் ஜும்ஆத் தொழுகைக்குப் போகும் வழியில் பின்வளவு அறைக்குப் போனேன். வெள்ளை உடுத்து, வளையல் கழற்றி உட்கார்ந்திருந்தாள். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல் வீட்டில் இருக்கும் இத்தாவைத் தொடங்கியிருந்தாள். அதற்கு முதலில் காழியாரின் தீர்ப்பு வர வேண்டும் என்று மௌலவி சொல்லியனுப்பியிருந்தார்.

"அவரு தீர்ப்பு எழுதட்டும். நான் நேத்துல இரிந்து எண்ணுறன்" என்றாள். "எண்டைக்கு முடியும் எண்டு பார்த்துச் சொல்லுங்க காக்கா. உங்களுக்குத்தானே நாள் தெரியும்."

எண்ணினேன். பிறை பார்த்து எண்ணுகிற மாதங்கள். ஒவ்வொன்றும் இருபத்தொன்பதாகவும் முடியலாம், முப்பதாகவும் முடியலாம். நிச்சயமான திகதி ஒன்றை என்னால் கொடுக்க முடியவில்லை. ஏறக்குறைய இன்ன மாதத்தின் இன்ன வாரம் என்று சொன்னேன். அவள் தலையசைத்தாள்.

மண்டபத்துத் தொலைக்காட்சி இப்போது பிள்ளையுடையது. மூடிய துணியை அவள் இன்னும் எடுக்கவில்லை. இரண்டு மணிக்கு நான் பின்வளவு அறையில் தங்கச்சியோடு உட்கார்ந்திருப்பேன். அவள் தஸ்பீஹ் மணி உருட்டுவாள். வளவுக்கு அப்பால் கேற்றுக் கொளுக்கி சத்தம் போடும்போது அவள் தலையை உயர்த்துவதில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போவது நான்தான். நேற்று வந்தவர் மின்சார மீட்டர் பார்ப்பவர். குடையைச் சுருக்கி, மீட்டருக்குக் கீழே நின்று எழுதிக்கொண்டு போனார். அவர் தெருமுனை திரும்பும் வரை நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஆரு காக்கா?" என்று தங்கச்சி கேட்கவில்லை.